வெடிக்கும் முள்வேலி பிறந்த கதை

டோக்கியோவில் சியோதோமே என்று ஓர் இடம். 1872-ல் ஜப்பானின் முதல் ரயில் பாதை இங்கிருந்துதான் யோக்கோஹாமாவுக்குப் போனது. அன்று அதன் பெயர் ஷிம்பாஷி நிலையம். பிறகு பயணிகள் பக்கத்தில் வேறொரு நிலையத்துக்குப் போய்விட, இது சரக்கு நிலையமாயிற்று. 1986-ல் சரக்கு வண்டிகளும் நின்றன. மாநகரின் நட்டநடுவில் ஒரு பொட்டல் திடலாக அது கிடந்தது.

1990 ஆகஸ்ட் 4 அன்று அந்தத் திடலில் ஒரு குஸ்தி மேடை போட்டார்கள். சுற்றிலும் கயிறு கட்டவில்லை. கயிறு இருக்க வேண்டிய இடத்தில் முள்கம்பி. கம்பியில் மின்சாரம். கம்பியோடு சேர்த்துக் கட்டிய சிறு சிறு வெடிகள். உள்ளே இரண்டு பேர்: அத்சுஷி ஓனிட்டா, டார்சான் கோட்டோ. ஒருவன் மற்றவனைக் கம்பியின் மேல் தள்ளினால் வெடிக்கும்.

இப்படி ஓர் ஆட்டம் உலகத்தில் அதற்கு முன் நடந்ததில்லை. ஜப்பானியர்கள் அதற்கு வைத்த பெயரில் ஒளிவுமறைவு எதுவும் கிடையாது. கயிறில்லாத, முள்கம்பி, மின்னோட்ட, வெடிப்பு, சாவு ஆட்டம். ஐந்து சொற்களையும் வரிசையாக அடுக்கிவிட்டார்கள். சுருக்கமாகச் சொல்ல வேண்டுமானால் ‘தென்ரியூ பகுஹா’. மின்னோட்டம், வெடிப்பு. ஜப்பானியக் குஸ்தி ரசிகரிடம் இந்த இரண்டு சொல்லைச் சொன்னால் போதும், அடுத்த சொல்லாக அவர் ஓனிட்டாவின் பெயரைச் சொல்வார்.

பார்க்கிறவர்களுக்கு இது கிறுக்குத்தனமாகத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்த ஆட்டம் பிறந்த வழியை அறிந்தவர்களுக்கு அப்படித் தோன்றவும் செய்யாது. இது ஒரு முழங்காலில் பிறந்தது.

ஓனிட்டா நாகசாகிக்காரர், 1957-ல் பிறந்தவர். படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, கால்நடையாகவே ஜப்பானைச் சுற்றி வரப்போகிறேன் என்று கிளம்பிய பையன். 1970-களின் நடுவில், பதின்வயது முடிவதற்குள், ஜயன்ட் பாபாவின் ஆல் ஜப்பான் குஸ்தி நிறுவனத்தில் சேர்ந்தார். பாபா ஆறேமுக்கால் அடிக்கு மேல் உயரம் கொண்டவர், ஜப்பானியக் குஸ்தியின் இரண்டு பெரிய தலைகளில் ஒருவர். (இன்னொருவர் அன்டோனியோ இனோக்கி.) பாபாவிடம் தொடக்கத்திலிருந்து வளர்ந்த பிள்ளை ஓனிட்டா. பிற்காலத்தில் ஊரே அவரை ‘ஜாதோ’, அதாவது நெறிதவறிய வழிக்காரன் என்று அழைத்தது. அவரும் அதைப் பட்டப்பெயராகவே ஏற்றுக்கொண்டார். ஆனால் அவர் தொழில் கற்றது நெறியின் நடுவீட்டில்தான்.

அமெரிக்காவுக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். 1981-ல் டென்னசி, மிசிசிப்பி பக்கத்துச் சிறு ஊர்களில் மசா ஃபுச்சியோடு ஜோடி சேர்ந்து ஆடிக்கொண்டிருந்தார். டியூப்பலோ என்ற ஊரில் ஒரு நாள் ஆட்டம் மேடையோடு நிற்கவில்லை. ரிக்கி மார்ட்டன், எடி கில்பர்ட் என்ற இரண்டு அமெரிக்கப் பையன்களும் இந்த இரண்டு ஜப்பானியர்களும் அடித்துக்கொண்டே அரங்கத்தின் தின்பண்டக் கடைக்குள் புகுந்தார்கள். கையில் கிடைத்த பாத்திரம், டப்பா, கடுகுச் சாந்து எல்லாம் ஆயுதமாயிற்று. அந்தப் படப்பதிவு இன்றும் குஸ்தி ரசிகர்களிடையே சுற்றிக்கொண்டிருக்கிறது. சண்டை மேடையை விட்டு இறங்கி வந்தால் பார்க்கிறவன் உட்கார்ந்திருக்க மாட்டான் என்ற பாடத்தை ஓனிட்டா அங்கேதான் படித்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். அப்போது அவர் பறந்து பறந்து ஆடும் இளம் வீரர். முள்கம்பிக்கு வேலையே இல்லை.

1982-ல் சாவோ கெரேரோவை வென்று சர்வதேச ஜூனியர் ஹெவிவெயிட் பட்டத்தைக் கைப்பற்றினார். வழி தெளிவாகத் தெரிந்தது. அடுத்த ஆண்டு, சாவோவின் தம்பி ஹெக்டர் கெரேரோவோடு ஆடி முடித்துவிட்டு, மேடையிலிருந்து கீழே குதித்தார். இடது முழங்காலின் சில்லு நொறுங்கிப்போனது. ஆட்டத்தில் இல்லை, ஆட்டம் முடிந்த பிறகு, எல்லோரும் ஆயிரம் முறை குதிக்கும் ஒரு குதி.

திரும்பி வந்து பார்த்தார். கால் சொன்னபடி கேட்கவில்லை. 1985-ல், இருபத்தேழு வயதில், ஓய்வு அறிவித்தார். பிறகு சில ஆண்டுகள் உடலுழைப்பு வேலைகள், கைக்கு வந்த வியாபாரங்கள். ஒன்றும் ஒட்டவில்லை. குஸ்திக்காரனுக்குக் குஸ்தியைத் தவிர வேறு என்ன தெரியும்?

அந்த நேரத்தில் ஜப்பானில் யூ.டபிள்யூ.எஃப். என்ற புது நிறுவனம் கொடிகட்டிப் பறந்தது. அகிரா மயேதா அதன் முகம். நாடகத்தனம் வேண்டாம், உதை, பிடி, பூட்டு, இவை போதும், நிஜச் சண்டைக்கு எவ்வளவு பக்கத்தில் போக முடியுமோ அவ்வளவு போவோம் என்பது அவர்கள் கொள்கை. டிக்கெட்டுகள் விற்றுத் தீர்ந்தன. 1988 டிசம்பரில் ஒசாக்காவில் அவர்களுடைய நிகழ்ச்சி நடந்த அரங்கத்துக்கு ஓனிட்டா நேரில் போனார். சவால் விடுவதற்காகப் போனார். நிர்வாகி ஒருவர் வந்து, உங்களிடம் டிக்கெட் இருக்கிறதா என்று கேட்டார். அவ்வளவுதான். ஒரு காலத்துப் பட்டம் வென்ற வீரர், பார்வையாளன் என்ற தகுதிகூட இல்லாமல் வாசலோடு திரும்பினார்.

அந்தக் கேள்வியை ஓனிட்டா மறக்கவேயில்லை. ஜப்பானியக் குஸ்தி வரலாற்றை எழுதுகிறவர்களும் மறக்கவில்லை.

1989-ல் அவர் சொந்த நிறுவனம் தொடங்கினார். ஃப்ரான்டியர் மார்ஷியல் ஆர்ட்ஸ் ரெஸ்லிங், எஃப்.எம்.டபிள்யூ. கையில் 50,000 யென் மட்டும் வைத்துத் தொடங்கினேன் என்று அவர் சொல்வது வழக்கம். பெயரைக் கவனியுங்கள். தற்காப்புக் கலை என்று இருக்கிறதே தவிர முள்கம்பி, வெடி, நெருப்பு எதுவும் அதில் இல்லை. முதலில் நினைத்தது வேறு: கராத்தேக்காரன் எதிரே குஸ்திக்காரன், ஜூடோக்காரன் எதிரே குஸ்திக்காரன். அந்த ஜூலையிலேயே கராத்தே ஆசான் மசாஷி அவோயாகியோடு ஓனிட்டா மோதியிருந்தார். அது விதிமீறலிலும் அடிதடியிலும் முடிந்து, பார்த்தவர்கள் கொதித்துப்போயிருந்தார்கள். அக்டோபரில் நாகோயாவிலும் டோக்கியோ கோராக்குவென் ஹாலிலும் எஃப்.எம்.டபிள்யூ. தன் முதல் நிகழ்ச்சிகளை நடத்தியபோது அந்தப் பகையைத்தான் முதலாக வைத்தது.

ஆனால் பகையை எத்தனை நாள் விற்க முடியும்? பெரிய நிறுவனங்களிடம் தொலைக்காட்சி இருந்தது. பாபாவுக்கு நிப்பான் டிவி, இனோக்கிக்கு டிவி அசாஹி. ஓனிட்டாவிடம் இருந்தவை குஸ்தி வார இதழ்களும் மாலைப் பத்திரிகையும்தான். இந்த இடம்தான் முழுக் கதைக்கும் திறவுகோல் என்று நான் நினைக்கிறேன். ஓடும் படத்தில் ஒரு நல்ல பூட்டுப்பிடியின் அழகைக் காட்டலாம். அச்சிட்ட ஒற்றைப் படத்தில் அது இரண்டு உடல்களின் சிக்கல், அவ்வளவே. ஒரு முதுகு, அதில் முள்கம்பி, அதிலிருந்து வழியும் ரத்தம் என்றால் கடையில் தொங்கும் இதழின் அட்டையிலிருந்தே ஆளைப் பிடித்து இழுக்கும். எஃப்.எம்.டபிள்யூ. தொடங்கிய ஆண்டு முடிவதற்குள்ளேயே முள்கம்பி வந்துவிட்டது.

முள்கம்பி ஓனிட்டாவின் கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்கத் தென்மாநிலங்களிலும் போர்ட்டோ ரிக்கோவிலும் அது முன்பே உண்டு. ஜப்பானிலேயே 1970-ல் ரஷர் கிமுரா கம்பிவலைக் கூண்டுக்குள் ஆடி, அந்த வகை ஆட்டத்துக்கே அடையாளமாகிவிட்டார். ஆகவே ரத்தம் புதிதில்லை. வெடி புதிது.

வெடி ஏன்? முள் குத்துவது முதல் வரிசைக்காரனுக்குத்தான் தெரியும். ஐந்தாம் வரிசைக்காரன் ஊகிக்க வேண்டும். திறந்த திடலின் கடைசியில் நிற்கிறவனுக்கு ஒன்றுமே தெரியாது. வெடி அப்படி இல்லை. சத்தம் கடைசி ஆளின் நெஞ்சுவரை போகும். புகை தலைக்கு மேல் எழும்பும். ஒளிப்படக்காரனின் கருவிக்குள் ஒரு நொடியில் தீப்பொறி பூவாய் விரியும். முழங்கால் போன மனிதன் இனி கயிற்றின் மேலிருந்து பறந்து மக்களை வாய்பிளக்க வைக்க முடியாது. பறக்காமல் அந்த வேலையைச் செய்ய அவர் கண்டுபிடித்த வழி இது.

எதிராளி கோட்டோவைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் கதை சொல்கிறவர்கள் அவரைப் பாதியிலேயே விட்டுவிடுகிறார்கள். சுமோவில் தொடங்கி, அவரும் பாபாவிடம் வந்தவர். அமெரிக்காவில் வெகுநாள் ஆடியவர். ஓனிட்டா கூப்பிட்டதும் வந்தார். ஓனிட்டா அழுவார், மைக்கைப் பிடித்துக் கத்துவார், ரசிகர்கள் மேல் தண்ணீரைத் துப்புவார். ‘கண்ணீர் நாயகன்’ என்றே அவருக்குப் பெயர். கோட்டோ முரட்டு முகத்தோடு தன் வேலையைச் செய்வார். வெடியில் விழுவதற்கு ஒருவர் போதாது, நம்பிக்கையோடு தள்ளுவதற்கு இன்னொருவரும் வேண்டும். தள்ளுகிற வேகம் கொஞ்சம் கூடினால் கண் போகலாம்.

குஸ்தியில் முடிவு முன்பே பேசி வைத்ததுதானே என்று கேட்பவர்கள் உண்டு. ஆம், யார் வெல்வது என்பது பேசி வைத்தது. முள்ளிடம் யாரும் பேசி வைக்க முடியாது. கிழிந்த தோல் கிழிந்ததுதான், தீப்புண் தீப்புண்தான். ஓனிட்டாவின் கைகளிலும் முதுகிலும் இருக்கும் தழும்புகளை யாரும் எழுதி வைத்துப் போடவில்லை.

சியோதோமேயில் அன்று ஓனிட்டா வென்றார். அதைவிடப் பெரிய வெற்றி ஆண்டுக் கடைசியில் வந்தது. டோக்கியோ ஸ்போர்ட்ஸ் பத்திரிகை ஆண்டுதோறும் தரும் விருதுகள் ஜப்பானியக் குஸ்தியில் தலையாயவை. அந்த ஜூன் மாதம்தான் நிப்பான் புடோக்கானில் மிட்சுஹாரு மிசாவா தன் மூத்தவரான ஜம்போ ட்சுருட்டாவை வீழ்த்தி ஒரு தலைமுறை மாற்றத்தையே அறிவித்திருந்தார். இன்றுவரை மக்கள் பேசும் ஆட்டம் அது. ஆனாலும் 1990-ன் சிறந்த ஆட்டம் என்ற விருது சியோதோமே திடலுக்குப் போனது. சிறந்த வீரர் விருதும் ஓனிட்டாவுக்கே. டிக்கெட் இருக்கிறதா என்று கேட்கப்பட்டு இரண்டே ஆண்டுகள். அதே டிசம்பரில் யூ.டபிள்யூ.எஃப். உட்பூசலில் உடைந்து சிதறியது.

அதன் பிறகு வெடி வளர்ந்தது. 1991 செப்டம்பரில் கவாசாக்கி மைதானத்தில் அதே இருவர், இம்முறை கூண்டுக்குள். முப்பதாயிரத்துக்கும் மேல் கூட்டம் என்று அறிவித்தார்கள். 1992 மே மாதம் ஹியோகோ மாவட்டத்துச் சாந்தாவில் வெடியை விட்டு நெருப்பைத் தொட்டார்கள். மேடையைச் சுற்றித் துணி கட்டிக் கொளுத்தினார்கள். ஓனிட்டாவும் கோட்டோவும் ஒரு பக்கம். அறுபதைக் கடந்த ‘த ஷேக்’ என்ற வீரரும் அவருடைய மருமகன் சாபுவும் மறுபக்கம். நெருப்பு கட்டுக்குள் நிற்கவில்லை. சில நிமிடங்களிலேயே நால்வரும் மேடையைவிட்டுத் தப்பி ஓட வேண்டியதாயிற்று. ஷேக் தீக்காயங்களோடு மருத்துவமனைக்குப் போனார். அந்த நிகழ்ச்சியை நான் வீரமாகச் சொல்ல மாட்டேன். அது தவறு. வெடியை அளந்து வைக்கலாம். காற்று வீசும் திறந்த வெளியில் நெருப்பை யார் அளப்பது?

1993 மே 5, மறுபடியும் கவாசாக்கி. எதிரே டெக்சாஸ்காரர் டெரி ஃபங்க், நாற்பத்தெட்டு வயது. இம்முறை கம்பி வெடிப்பது மட்டுமில்லை, கடிகாரம் ஓடி முடிந்ததும் மேடையே வெடிக்கும். ஓனிட்டா வென்றார், வெளியே வந்தார். ஃபங்க் எழவில்லை. கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. ஓனிட்டா திரும்பி ஓடி, கிடந்தவரின் மேல் தன் உடலைப் போர்த்திப் படுத்துக்கொண்டார். வெடித்தது. இத்தனை முள்ளும் மருந்தும் எதற்காக என்று யாராவது கேட்டால் இந்த ஒரு காட்சியைத்தான் காட்டுவேன். மற்ற குஸ்திகளில் வென்றவன் பெல்ட்டைத் தூக்கிப் பிடிப்பான்.

பெல்ட்டும் இருந்தது. எஃப்.எம்.டபிள்யூ.வின் தலைமைப் பட்டத்துக்குப் பெயர் ‘பிராஸ் நக்கிள்ஸ்’, விரல்களில் மாட்டிக்கொண்டு குத்தும் பித்தளை வளையம். டெக்சாஸிலும் ஃப்ளோரிடாவிலும் முரட்டு ஆட்டங்களுக்கென்றே பழைய நாளில் வைத்திருந்த பட்டப்பெயர் அது. தற்காப்புக் கலை என்று தொடங்கிய நிறுவனம் கடைசியில் தன் தலைப் பட்டத்துக்குத் தெருச்சண்டை ஆயுதத்தின் பெயரைச் சூட்டிக்கொண்டது. 1995 மே 5 அன்று, கவாசாக்கியில், ஓனிட்டா அந்தப் பட்டத்தோடு தன் ஓய்வு ஆட்டத்தை ஆடினார். முதலில் எதிராளியாக இருந்திருக்க வேண்டியவர் கோட்டோ. சில வாரங்களுக்கு முன் அவர் நிறுவனத்தைவிட்டே போய்விட்டார். அந்த இடத்துக்கு வந்தவர் ஹயபுசா, முகமூடி அணிந்த இருபத்தாறு வயது இளைஞர், மெக்சிகோவில் பறக்கக் கற்று வந்தவர். வெடிக்கும் கூண்டு, கடிகாரம், 58,250 பேர் என்று அறிவிக்கப்பட்ட கூட்டம். ஓனிட்டா வென்று, பட்டத்தை விட்டுக்கொடுத்துவிட்டுப் போனார். அடுத்த ஆண்டே திரும்பி வந்தார் என்பது வேறு கதை.

ஓனிட்டா இல்லாத கவாசாக்கியில், 1996 மே 5 அன்று, மெகுமி குடோவும் காம்பட் டொயோடாவும் இதே வெடிமுள்கம்பிக்குள் இறங்கினார்கள். 1986-ல் ஒன்றாக ஆல் ஜப்பான் பெண்கள் குஸ்தியில் நுழைந்தவர்கள். குடோ இடையில் குஸ்தியை விட்டு மழலையர் பள்ளியில் வேலை பார்த்தவர். டொயோடாவுக்கு அது ஓய்வு ஆட்டம். ஆண்கள் ஆடிய எந்த வெடி ஆட்டத்துக்கும் இளைத்ததில்லை அது. ஓனிட்டா-ஃபங்க் ஆட்டத்துக்கு அடுத்த இடத்தில் நான் அதைத்தான் வைப்பேன்.

பெரிய வீடுகளும் கடைசியில் கதவைத் திறந்தன. 1999 ஏப்ரலில் டோக்கியோ டோமில், இனோக்கி நிறுவிய நியூ ஜப்பானின் மேடையிலேயே, மசாஹிரோ சோனோவோடு ஓனிட்டா வெடி ஆட்டம் ஆடினார். 2001-ல் ஜப்பான் நாடாளுமன்றத்தின் மேலவைக்கும் தேர்வானார். படிப்பை விட்ட அந்தப் பையன் நாற்பது வயதுக்கு மேல் பள்ளிப் படிப்பை முடித்துப் பல்கலைக்கழகமும் சேர்ந்தார்.

அதே 2001 அக்டோபரில், கோராக்குவென் ஹாலில், ஹயபுசா ஒரு சாதாரண ஆட்டத்தில் கயிற்றின் மேல் துள்ளிப் பின்புறமாகக் கரணம் அடித்தார். கால் வழுக்கியது. கழுத்து நேராகத் தரையில் விழுந்தது. அன்றோடு கைகால் அசைவு போயிற்று. வெடிக்கும் கூண்டிலிருந்து நடந்து வெளியே வந்தவர், வெடியே இல்லாத ஒரு தாவலில் வீழ்ந்தார். 1983-ல் ஓனிட்டாவை முடக்கியதும் அப்படி ஒரு குதிதான். குஸ்தியில் கண்ணுக்குத் தெரிகிற ஆபத்துக்கு எல்லோரும் தயாராக நிற்கிறார்கள். தீயணைப்பானும் மருத்துவரும் பக்கத்திலேயே இருப்பார்கள். கயிறு வழுக்கும் என்று யாரும் எதிர்பார்த்து நிற்பதில்லை. சில மாதங்களில், 2002 பிப்ரவரியில், எஃப்.எம்.டபிள்யூ. மூடப்பட்டது. ஹயபுசா 2016-ல் காலமானார், கோட்டோ 2022-ல்.

ஆட்டம் மட்டும் கடல் தாண்டிப் போய்விட்டது. 2021 மார்ச்சில் ஃப்ளோரிடாவில், ஏ.இ.டபிள்யூ. என்ற அமெரிக்கக் குஸ்தி நிறுவனத்தின் உலகப் பட்டத்துக்காகக் கென்னி ஒமேகாவும் ஜான் மாக்ஸ்லியும் வெடிமுள்கம்பிக்குள் ஆடினார்கள். இருவரும் ரத்தம் சிந்தி நன்றாகவே ஆடினார்கள். கடைசியில் கடிகாரம் ஓடி முடிந்தபோது, எடி கிங்ஸ்டன் என்ற சக வீரர் ஓடி வந்து கிடந்த மாக்ஸ்லியின் மேல் விழுந்து மூடிக்கொண்டார், 1993-ல் ஓனிட்டா செய்ததைப் போலவே. ஆனால் வெடி வெடிக்கவில்லை. ஓரத்தில் சில மத்தாப்புப் பொறிகள் சிதறின, அவ்வளவுதான். சியோதோமே திடலில், தொலைக்காட்சி ஒப்பந்தம்கூட இல்லாத ஒரு சின்ன நிறுவனம் முதல் முறையிலேயே அதைச் சரியாகச் செய்து காட்டியது என்பதன் அருமை அன்று பலருக்கும் விளங்கியிருக்கும்.

அந்தத் திடல் இன்று இல்லை. அங்கே வானுயர்ந்த கண்ணாடிக் கட்டடங்கள் நிற்கின்றன. பழைய ஷிம்பாஷி நிலையத்தின் முகப்பை அதே இடத்தில் திரும்பக் கட்டி வைத்திருக்கிறார்கள். அதன் அருகிலேயே, 2003-ல் கட்டி முடித்த கோபுரத்தில், நிப்பான் டிவியின் தலைமையகம் இருக்கிறது.